பைபிளம்மாவும் கைப்பிடி அரிசியும்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் சபையின் நடவடிக்கைப் புத்தகத்தில் ஓரிடத்தில் அவருடைய முழுப் பெயரும் அவர் கணவர் பெயரும் இருக்கின்றன. எழுதியவன் நான். ஒருமுறை எழுதியதே போதும்.

சித்தூர் தமிழ்ச் சபையில் எல்லோரும் அவரைப் பைபிளம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சபைக் காகிதங்களில் வேதாகம ஸ்திரீ. வீடு வீடாகப் போய்ப் பெண்களைப் பார்ப்பது, வேதம் வாசிப்பது, ஜெபிப்பது, பிரசவமான வீட்டிலும் சாவு விழுந்த வீட்டிலும் கூட உட்கார்ந்திருப்பது அவர் வேலை. சம்பளம் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டிய ஒரு தொகை. கோவில் வளாகத்தின் பின்பக்கம் ஓடு வேய்ந்த ஒற்றை அறை. சாகும்வரை அந்த அறையில் இருக்கலாம், ஓய்வு பெற்றதும் மாதம் ஏதோ கொஞ்சம் தருவோம் என்று எனக்கு முன்பிருந்த செயலாளர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. அந்த வாக்குத்தான் அவருடைய சொத்து.

நான் ஜூனியர் காலேஜில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் ஒன்பது ஆண்டுகள் சபைச் செயலாளராக இருந்தேன். ஊழியம், பணம், கட்டடம் மூன்றும் என் தலையில். மூன்றில் கட்டடம்தான் எனக்குப் பிடித்தது. கட்டடம் எதிர்த்துப் பேசாது.

பைபிளம்மா மெலிந்த உடம்பு. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, ரப்பர் செருப்பு. தோளில் தொங்கும் துணிப்பையில் வேதாகமமும் கீர்த்தனைப் புத்தகமும் இருக்கும். மாதக் கடைசியில் மட்டும் கக்கத்தில் ஒரு சாக்கும் சேர்ந்துகொள்ளும். கைப்பிடி அரிசிக்கு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பெண்கள் உலையில் அரிசி போடும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவைப்பார்கள். அது ஆண்டவருக்கு. மாதக் கடைசியில் பைபிளம்மா வந்து வாங்கிப்போவார். ரேஷன் அரிசி, பொன்னி, நொய், புழுங்கல், பச்சரிசி எல்லாம் ஒரே சாக்கில் கலக்கும். கோவில் பின்னறையில் இருந்த தகர டிரம்மில் அதைக் கொட்டி, முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் படிக்கணக்கில் மலிவாக விற்போம். இல்லாதவர்கள் வாங்கிப்போவார்கள். பணம் சபைக்கு.

மலிவு அரிசிக்கு முதல் ஆளாக எழுந்துபோக யாருக்கும் மனம் வராது. ஆயர் அறிவிப்புக் கொடுத்துவிட்டு நிற்பார். எல்லோரும் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டிருப்பார்கள். பைபிளம்மா பையை உதறிக்கொண்டு முதலில் போவார். “எனக்கு ரெண்டு படி அளந்து போடுப்பா. தட்டி அள, காத்தை அளக்காத” என்று சத்தமாகச் சொல்வார். சிரிப்பு எழும். சிரிப்போடு சிரிப்பாகப் பின்னால் வரிசை சேர்ந்துவிடும். பல வருடங்கள் அதைப் பார்த்திருக்கிறேன். தனியாள் ஒருவருக்கு ரெண்டு படி எதற்கு என்று மட்டும்தான் எனக்கு அப்போது யோசனை போயிற்று.

ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லமாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல இந்த ஒன்றுதான் இருக்கிறது; மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். எங்கள் சபையில் இது எத்தனை பெரிய விஷயம் என்பது சபைக்காரர்களுக்குத் தெரியும். எங்களிடம் வம்பு வம்பாக வராது, ஜெபக்குறிப்பாக வரும். ‘அந்தச் சகோதரியின் மருமகன் குடியிலிருந்து விடுபட வேண்டும்’ என்று ஒருவர் உருக்கமாக ஜெபித்தால், அதுவரை தெரியாத நாற்பது பேருக்குத் தெரிந்துவிடும். பைபிளம்மாவின் ஜெபம் எந்த வீட்டிலும் ஒன்றுதான். “ஆண்டவரே, இந்த வூட்டுக்கு இன்னா வேணுமோ அது உமக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேணாம். ஆமென்.”

என் மனைவிக்கே அதில் குறை. ஒருநாள் காப்பி கொடுத்துக்கொண்டே கேட்டாள்: “ஏம்மா, எதிர்வீட்ல ராத்திரி பூரா சத்தமாமே? நீங்க காலைல அங்கதானே போய்ட்டு வந்தீங்க?”

“அப்டியா? எனக்கு இந்தக் காது மந்தம்மா.”

“அந்தக் காது?”

“அது அவங்க வூட்லயே வச்சிட்டு வந்துட்டேன்.”

முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அவர் தலையை நீட்டி, “சார் எல்லாருக்கும் பாஸ் மார்க்கு போடுங்க” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார். டப்பாவைச் சாக்கில் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

சாக்கோடு போகும்போது எந்த வீட்டிலும் அவர் வாசலில் நிற்கமாட்டார். நேரே சமையலறைக்குப் போய்விடுவார். சாக்கு உள்ளே போகும், கொஞ்ச நேரத்தில் வெளியே வரும். சில வீடுகளில் அவர் அரிசி வாங்கவில்லை, கொட்டிவிட்டு வந்தார். தெருவில் நின்று பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். டப்பா நிறைந்திருந்தால் வாங்கிக்கொள்வார், காலியாக இருந்தால் நிரப்பிவிடுவார். கேள்வி கிடையாது. எந்த வீட்டில் எந்த மாதம் உலை கொதிக்கவில்லை என்பது சபையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆயருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் மகளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். திருப்பதியில் வேலை பார்த்தபோது அவள் கூட வேலை பார்த்த ஒரு தெலுங்குப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். வேறு மதம். ஊரார் பிள்ளைகளின் கல்யாண அறிவிப்புகளை மூன்று ஞாயிறு படிக்க ஏற்பாடு செய்கிற செயலாளர் நான்; என் மகளுக்கு அறிவிப்பு இல்லை. சபைப் பதிவேட்டில் அவள் பெயரை நானே கோடு போட்டு அடித்தேன். வீட்டில் அவள் பேச்சை எடுக்கக்கூடாது என்றேன். என் மனைவி எடுக்கவில்லை.

பிறகு குழந்தை பிறந்தது. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து இறங்கிய அந்த வருடங்களில் மருமகன் வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டது. இது எதுவும் எனக்குத் தெரியாது. என் மனைவிக்கு யார் மூலமோ தெரிந்திருந்தது. எங்கள் வீட்டு டப்பாவில் அதற்கப்புறம் கைப்பிடி விழவில்லை, படி படியாக விழுந்தது. பைபிளம்மா ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. திருப்பதியில் இருந்த சில தமிழ்க் குடும்பங்களுக்காக இரண்டாம் சனிக்கிழமை ஜெபக்கூட்டம் நடக்கும். பைபிளம்மா அதற்குப் பஸ்ஸில் போவார். எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்கு வராமல் அவர் மடியில் உட்கார்ந்து திருப்பதிக்குப் போனது.

நான் கணக்குப் பார்க்கிறவன். அறுபதுக்கு மேற்பட்ட வீடுகள், ஆனால் டிரம்மில் விழுந்த அரிசி வரவரக் குறைந்தது. முதலில் பெண்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு பின்னறையில் ஒரு தராசு வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சபைக்குப் பணம் வரத் தொடங்கியது. பெங்களூரிலும் குவைத்திலும் இருந்த பிள்ளைகள் அனுப்பினார்கள். கோவில் கூரையின் ஓடுகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடுவது, தரைக்குக் கிரானைட், பின்னறையில் கம்ப்யூட்டரோடு ஆபீஸ். வரைபடம் என் மேசையில் இருந்தது. டிரம்மும் சாக்கும் எலிப்புழுக்கையும் அந்த அறையில் இருக்க முடியாது. கைப்பிடி அரிசியை நிறுத்திவிட்டு, குடும்பத்துக்கு ஓர் எண், மாதத்துக்கு ஓர் உறை என்று நான்தான் யோசனை சொன்னேன். கட்ட முடியாதவர்களுக்கு ஏழைகள் நிதி. அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல் பைபிளம்மாவின் மனசில்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. அவரை அழைத்து ஸ்டூலில் உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. பொருளாளர் ஆரம்பித்தார். இரண்டு பிள்ளைகள் குவைத்தில் இருந்த மனிதர், குரல் எப்போதும் கொஞ்சம் உயரம்.

“ஏம்மா, அறுபது வூட்ல வாங்கவேண்டிய அரிசி ஒரு கணக்கு, டிரம்முக்கு வர்றது ஒரு கணக்கு. நடுவுல கால் மொளைச்சு ஓடிப்போச்சா?”

“அரிசிக்குக் காலு ஏதுங்க? நான்தான் தூக்கிக்கினு போனேன்.”

“எங்க?”

“வூடுங்களுக்கு.”

“எந்த வூடு?”

“இல்லாத வூடு.”

நான் மென்மையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினேன். “அம்மா, நாங்க தப்பா எடுத்துக்கல. பேரைக் குடுங்க. முறையா உதவி செய்வோம்.”

“முறையான்னா எப்படி சார்?”

“கமிட்டி பார்த்து அனுமதிக்கும். அப்புறம் பட்டியலைப் போர்டுல போடுவோம். பொதுப்பணம், நாலு பேருக்குத் தெரியணுமில்லையா?”

“கல்யாண அறிவிப்பு ஒட்டற போர்டா சார்?”

“ஆமா.”

அவர் துணிப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். “அப்ப பேரு இல்லீங்க சார்.”

பொருளாளர் பேனாவால் மேசையைத் தட்டினார். “பேர் இல்லைன்னா நீங்களே துன்னுட்டீங்கன்னுதான் நாங்க எழுதணும். வேற இன்னா எழுதறது?”

பைபிளம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கோபமில்லை. வெகுதூரம் நடந்து வந்தவர் போல இருந்தார்.

“எழுதிக்கோங்க சார். நான்தான் துன்னேன். நல்லா துன்னேன்னு எழுதிக்கோங்க.”

யாரோ சிரித்தார்கள். அவர் நாற்பது கிலோ இருந்தால் அதிகம். அந்த அறையில் இருந்த ஏழு பேருக்கும் அது பொய் என்று தெரியும். யாராவது ஒருவர் ‘வேண்டாம்’ என்றிருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பேனா என் கையில்தான் இருந்தது. ‘வேதாகம ஸ்திரீ சபைக்குரிய அரிசியைத் தம் சொந்த உபயோகத்துக்கு எடுத்ததாக ஒப்புக்கொண்டார்’ என்று எழுதினேன். நல்ல கையெழுத்து என்னுடையது. ஒப்புக்கொண்டவரை வைத்திருக்க முடியாது. அறையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது.

பங்காருபாளையத்துக்குப் பக்கத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்முன் சாக்கை உதறி மடித்துப் பின்னறையில் வைத்துவிட்டுப் போனார். அதுவும் சபைச் சொத்தாம்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“பைபிளம்மா இனிமே வரமாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

“திருப்பதிக் கூட்டத்துக்கு?”

“ஆயர் போவார்.”

கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு டப்பாவில் இருந்த அரிசியைத் திரும்ப மூட்டையில் கொட்டினாள். அது கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு டப்பாவில் இவ்வளவு எப்படி என்று நினைத்தேன், கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள். ஒருவேளை சொல்லியிருக்கமாட்டாள். அவளும் நல்ல ஆளிடம்தான் பழகியிருந்தாள்.

உறைகள் வந்தன. காணிக்கை மூன்று மடங்காயிற்று, ஆண்டுக் கூட்டத்தில் கைதட்டினார்கள். கிரானைட் போட்டோம். உறையில் எண் இருந்ததால் காலி உறையும் யாருடையது என்று சொல்லிவிடும். எண்ணுகிற அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் சில உறைகள் காலியாக வந்தன. பிறகு அந்த உறைகளும் வரவில்லை, பிறகு ஆட்களும் வரவில்லை. பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே ‘இடம் பெயர்ந்தவர்’ என்று எழுதினேன். சிலர் உண்மையாகவே பெங்களூருக்குப் போயிருந்தார்கள். சிலர் அதே தெருவில்தான் இருந்தார்கள். காய்கறி வாங்கப் போகும்போது என்னைப் பார்த்து ஒதுங்கினார்கள். ஏழைகள் நிதிக்கு ஒருவர்கூட விண்ணப்பம் கொடுக்கவில்லை. சபையில் ஏழைகளே இல்லை என்று பொருளாளர் ஆண்டறிக்கையில் ஸ்தோத்திரம் சொன்னார்.

பல வருடம் கழித்து என் மனைவி திடீரென்று இறந்துபோனாள். மகள் வந்தாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், ஆட்கள் குறைந்த பிறகு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முடியில் நரை விழுந்திருந்தது. குழந்தை பெரியவனாகி வாசலில் தெலுங்கில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான்.

“நைனா, உங்க மேல எனக்குக் கோவம் இருந்துது. ஆனா நீங்க பைபிளம்மாகிட்ட அரிசி அனுப்பிக்கினே இருந்தீங்களே, அதை நான் மறக்கல. ‘உங்க வூட்டு அரிசிதாம்மா’ன்னு சொல்லிக் குடுப்பாங்க. அதை ஆக்கும்போது எனக்குத் தைரியமா இருக்கும். நைனா பேசலன்னாலும் நெனைச்சிக்கினு இருக்காருன்னு.”

நான் வாசலில் நின்ற பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்புறம் ஏன் நைனா நிறுத்திட்டீங்க? நிறுத்தின அப்புறம் மூணு மாசம் ரொம்பக் கஷ்டம். தையல் மெஷினை வித்துட்டேன். நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனோன்னு யோசிச்சிக்கினே இருந்தேன்.”

“பைபிளம்மா ஊருக்குப் போய்ட்டாங்கம்மா” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்தக் கையை விலக்கவில்லை.

அந்த வாரமே பங்காருபாளையம் போனேன். மாங்காய்க் காலம். மண்டி ஒன்றின் கொட்டகையில் பெண்களோடு உட்கார்ந்து அடிபட்ட காய்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியிருக்கும். விரல் நுனியெல்லாம் பால் பட்டுக் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து சேலையை உதறி, ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டார்.

“குந்துங்க சார். கோவிலு இப்ப ஒழுகறது இல்லியே?”

“கான்கிரீட் போட்டாச்சும்மா.”

“நல்லது. அந்த மூலை எப்பவும் ஒழுகும்.”

நான் நேராகவே கேட்டேன். “என் மகளுக்கு நீங்கதானே அரிசி குடுத்தீங்க?”

“எந்த மகளு சார்?”

“திருப்பதியில இருந்தாளே.”

“திருப்பதில எத்தினியோ பேரு இருக்காங்க.” காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவளே சொல்லிட்டாம்மா.”

“அவங்க சொன்னா அவங்க சொன்னதுதான். எனக்கு ஞாபகம் இல்லீங்க.”

ஆயரிடம் பேசுவதாகச் சொன்னேன். கமிட்டிக்குக் கடிதம் எழுதுகிறேன், அந்தத் தீர்மானத்தை நீக்கச் செய்கிறேன், பாக்கி ஓய்வூதியத்தை வாங்கித் தருகிறேன், நீங்கள் அரிசியை எடுக்கவில்லை என்று நானே எழுந்து நின்று சொல்கிறேன் என்றேன். வழியெல்லாம் பஸ்ஸில் ஒத்திகை பார்த்த பேச்சு. அவர் முழுக்கக் கேட்டார்.

“அப்ப யாரு துன்னாங்கன்னு கேப்பாங்களே சார்?”

“நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியவும் தெரியாது.”

“நீங்க சொல்லமாட்டீங்க. அவங்க யோசிப்பாங்களே. ஒவ்வொரு வூடா யோசிச்சிக்கினு வருவாங்க. அந்தப் புள்ளைங்கல்லாம் இப்ப வேலைக்குப் போய்க்கினு, நல்ல சட்டை போட்டுக்கினு இருக்குதுங்க. வேணாம் சார். நான் துன்னதாவே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் கொறைஞ்சு பூடலை.”

குறைந்திருந்தது. கொட்டகையில் நாள் முழுக்கக் குந்தியிருக்கும் வயதில்லை அது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை அசைத்தார்.

“உங்க வூட்டைப் பத்தி நீங்க சொல்லிக்கலாம். அது உங்க சங்கதி. அதுக்கு எதுக்கு சார் என்கிட்ட வந்தீங்க?”

பக்கத்தில் இருந்த பெண் தெலுங்கில் யார் இது என்று கேட்டாள். “மா ஊரி சார்”, எங்கள் ஊர் சார், என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த காயை எடுத்தார்.

அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. இறந்துபோன செய்தி நான்கு மாதம் கழித்துத் தெரிந்தது. நடவடிக்கைப் புத்தகத்தில் அந்த வரி இருக்கிறது. அவர் வேண்டாம் என்று சொன்னதால் அதைத் தொடவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். என் வீட்டைப் பற்றிச் சொல்லலாம் என்றும் அவர்தானே சொன்னார். அதையும் இத்தனை வருடம் செய்யவில்லை.

இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். மருமகன் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார். எண்பது வயதுக்காரனுக்குப் பல் இல்லை என்று மகள் சோற்றைக் குழைய வடித்துத் தருகிறாள். யாராவது வந்தால், “எங்க நைனா வெளிய காட்டிக்கமாட்டாரு. அப்பவே எனக்கு மாசாமாசம் அரிசி அனுப்புவாரு” என்கிறாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

இதை அவளிடம்தான் முதலில் படிக்கக் கொடுக்கப்போகிறேன். மற்ற வீடுகள் எவை என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுதமாட்டேன். ஒரு வீடு என்னுடையது. அந்த அரிசியை நான் அனுப்பவில்லை அம்மா. உன் அம்மா அனுப்பினாள், பைபிளம்மா சுமந்தார். நிறுத்தியது மட்டும்தான் நான்.